முதல் சொல் எப்போது?

“முதல் வார்த்தை எப்பம்மா பேசினான்?”

குழந்தை வளர்ச்சி மருத்துவரின் அறையில் இந்தக் கேள்வி விழுந்ததும் அம்மா உத்தரத்தைப் பார்ப்பார். ஒன்றரை வயதிலா, இரண்டு முடிந்தா? ஊருக்குப் போன அந்தப் பொங்கலுக்கு முன்பா, பின்பா? அப்பா குறுக்கிட்டு, “லேட்டாத்தான் சார் பேசினான்” என்பார். “அப்பவே பாட்டெல்லாம் பாடுவானே” என்று அம்மா மறுப்பார். பாட்டியும் கூட வந்திருந்தால் மூன்றாவதாக ஒரு கணக்குக் கிடைக்கும். “இவங்க அப்பனே நாலு வயசுலதான் வாயைத் திறந்தான்” என்ற குடும்ப வரலாறும், வசம்பைச் சுட்டு நாக்கில் தடவிய கதையும் அதோடு சேர்ந்து வரும். பேச்சுக்குரிய பையனுக்கு இப்போது வயது ஒன்பது. அறையின் மூலையில் நின்று மின்விசிறி ஸ்விட்சைப் போட்டும் அணைத்தும் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

சும்மா கேட்கிற கேள்வி அல்ல இது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டிஎஸ்எம் கையேடு உலகெங்கும் மருத்துவர்களின் மேசையில் இருப்பது. அதன் நான்காம் பதிப்பு வந்த 1994 முதல் ஐந்தாம் பதிப்பு வந்த 2013 வரை, ஒரு பிள்ளையின் கோப்பில் ‘ஆட்டிசம்’ என்று எழுதுவதா ‘ஆஸ்பெர்ஜர்’ என்று எழுதுவதா என்பது பெரும்பாலும் இந்த ஒரு பதிலைப் பிடித்துக்கொண்டே தீர்ந்தது. இரண்டு வயதுக்குள் தனிச்சொற்கள், மூன்று வயதுக்குள் பிறரோடு பேசப் பயன்படும் சிறு தொடர்கள். இவை வந்திருந்து, அறிவு வளர்ச்சியிலும் தாமதம் இல்லையென்றால் ஆஸ்பெர்ஜர். வராமல் போய், பிறகு வளர வளரப் பேச்சும் படிப்பும் கைகூடியிருந்தால் அது ‘ஹை ஃபங்ஷனிங் ஆட்டிசம்’, அதாவது உயர்செயல்திறன் ஆட்டிசம். கோடு இவ்வளவு மெல்லியது. அதைப் போட்டுத் தருவதோ ஏழெட்டு ஆண்டுகள் கழித்து ஒரு தாயின் நினைவு.

இங்கே பேசும் பொருள், குழந்தைகளிடம் காணும் இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடு. அதில் ஒரு வேடிக்கை உண்டு. இரண்டு பெயர்களில் ஒன்று, உயர்செயல்திறன் ஆட்டிசம், எந்தக் கையேட்டிலும் தனி நோயறிதலாக என்றுமே இருந்ததில்லை. ஐக்யூ 70-க்கு மேல் உள்ள ஆட்டிசக் குழந்தைகளைக் குறிக்க ஆய்வாளர்களும் மருத்துவர்களும் தங்களுக்குள் வைத்துக்கொண்ட வழக்குச்சொல் அது. இன்னொன்று கையேட்டில் ஏறி, 19 ஆண்டு இருந்து, இறக்கப்பட்டது. இல்லாத ஒன்றுக்கும் போய்விட்ட ஒன்றுக்கும் என்ன வேறுபாடு பார்ப்பது என்று கேட்டால் நியாயம்தான். ஆனால் அந்தப் பெயர்களைச் சுமந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். பழைய கோப்புகளோடு இன்றும் பள்ளி வாசலில் நிற்கிற பெற்றோர் இருக்கிறார்கள்.

கதை இரண்டு சிறுவர்களில் தொடங்குகிறது. இருவரும் பிறந்தது ஒரே ஆண்டில், 1933.

ஒருவன் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற சிற்றூரைச் சேர்ந்த டொனால்ட் டிரிப்லெட். அப்பா வழக்கறிஞர். மகனைப் பற்றி அவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட 33 பக்கக் கடிதம், பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் குழந்தைகள் மனநல மருத்துவராக இருந்த லியோ கானருக்குப் போனது. 1938-இல் பையனே நேரில் வந்தான். கடிதத்தில் இருந்த டொனால்ட் பேசாத பிள்ளை அல்ல. ஒரு வயதிலேயே பாட்டுகளைச் சுருதி பிசகாமல் முனகியவன். சர்ச்சில் கற்பிக்கும் சமயக் கேள்வி பதில்களில் 25-ஐ இரண்டு வயதளவில் மனப்பாடமாக ஒப்பித்தவன். ஆனால் அப்பா வீட்டுக்கு வந்தாலும் போனாலும் நிமிர்ந்து பார்க்கமாட்டான். சுழலக்கூடிய எதையும் தரையில் வைத்துச் சுற்றிவிட்டு, அது சுற்றுவதைப் பார்த்துத் துள்ளுவான்.

குளிக்க வேண்டுமென்றால் அவன், “குளிக்கிறியா?” என்று கேட்பான். அம்மா தன்னிடம் எப்படிக் கேட்பாரோ அப்படியே. தமிழ்ப் பிள்ளைகளிடம் இது இன்னும் பளிச்சென்று தெரியும். நம் மொழியில் ஆள் யார் என்பது வினைச்சொல்லின் வாலிலேயே தொங்குகிறது. “சாப்பிடுறியா?” என்று ஒரு பிள்ளை சமையலறை வாசலில் வந்து நின்றால் அது உபசாரம் அல்ல, பசி. “தண்ணி வேணுமா?” என்றால் தாகம். கேள்வியின் ராகம்கூட மாறாது. கேட்கிறவர்கள் சிரித்துவிட்டு, “எனக்கு வேணாண்டா கண்ணு” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவதும் உண்டு. பிள்ளை தாகத்தோடு நிற்கும்.

‘ஆமாம்’ என்ற சொல்லை டொனால்டுக்குக் கற்றுக்கொடுத்த விதத்தையும் கானர் குறித்து வைத்திருக்கிறார். ‘ஆமாம்’ என்று சொன்னால் தோளில் தூக்கிக்கொள்வேன் என்றார் அப்பா. பையன் சொன்னான், தோளில் ஏறினான். அதற்குப் பிறகு நெடுநாள் வரை அவனுக்கு அந்தச் சொல்லின் பொருள் ‘என்னைத் தோளில் தூக்கு’ என்பது மட்டுமே. சொல் வாயில் இருந்தது. ஊர் அந்தச் சொல்லுக்கு வைத்திருந்த பொருள் மட்டும் அவனிடம் வந்து சேரவில்லை. முதல் சொல் எப்போது வந்தது என்று கேட்கிற மருத்துவருக்கு இந்த ‘ஆமாம்’ ஒரு சொல்லா, இல்லையா?

டொனால்டையும் சேர்த்து 8 சிறுவர்கள், 3 சிறுமிகள் என 11 குழந்தைகளைப் பற்றி கானர் 1943-இல் எழுதிய கட்டுரைதான் ஆட்டிசத்தின் பிறப்புச் சான்றிதழ் போல இன்றும் காட்டப்படுகிறது. அந்த 11 பேரில் எட்டுப் பேர் பேசினார்கள், சிலர் உரிய வயதில், சிலர் தாமதமாக. பேசாதவர்கள் மூன்று பேர்தான். ‘ஆட்டிசம் என்றால் பேச்சு வராது’ என்று பிற்பாடு ஊர் உலகம் நம்பியதற்கு இந்த மூலக் கட்டுரை பொறுப்பல்ல.

இரண்டாவது சிறுவன் வியன்னாவில். கட்டுரையில் அவன் பெயர் ஃபிரிட்ஸ். பள்ளியில் சேர்த்த முதல் நாள் முடிவதற்குள், ‘இவனுக்குப் பாடம் நடத்த முடியாது’ என்று சொல்லி ஆசிரியர்கள் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். வியன்னா பல்கலைக்கழகக் குழந்தைகள் மருத்துவமனையில் அவனைப் பார்த்தவர் ஹான்ஸ் ஆஸ்பெர்ஜர். ஃபிரிட்ஸ் நடப்பதற்கு முன்பே, பத்து மாதத்திலேயே, பேசத் தொடங்கியவன். சீக்கிரமே பெரியவர்களைப் போல முழு வாக்கியங்களில் பேசினான். கணக்கில் புலி. 120-இல் மூன்றில் இரண்டு பங்கு எவ்வளவு என்றால் உடனே 80 என்பான். ஆனால் கை கால் சொன்னபடி கேட்காது. பந்து பிடிக்க வராது. மற்ற பிள்ளைகளோடு சேரமாட்டான், சேர்த்தால் அடிப்பான். யாரோடு பேசினாலும் கண் வேறெங்கோ இருக்கும்.

ஃபிரிட்ஸ் உள்ளிட்ட நான்கு பையன்களைப் பற்றி ஆஸ்பெர்ஜர் 1944-இல் ஜெர்மன் மொழியில் எழுதினார். அப்போது நடந்துகொண்டிருந்தது இரண்டாம் உலகப் போர். ஆங்கிலம் பேசும் உலகம் அதைப் படிக்க அரை நூற்றாண்டு ஆனது. உட்டா ஃபிரித் மொழிபெயர்த்து 1991-இல்தான் வெளிவந்தது. இவர்கள் இருவருக்கும் முன்பே, 1925-இல், மாஸ்கோவில் குருன்யா சுகரேவா என்ற இளம் பெண் மருத்துவர் இதே சாயலில் ஆறு சிறுவர்களைப் பற்றி எழுதியிருந்தார். அவர் பெயரில் எந்த நோய்க்குறியும் இல்லை. ரஷ்ய மொழியில் எழுதிய பெண், அதுவும் 1925-இல். காரணம் விளக்கத் தேவையில்லை.

ஆஸ்பெர்ஜர் என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் லண்டன் மனநல மருத்துவர் லோர்னா விங். அவருடைய ஒரே மகள் சூசி ஆட்டிசம் உள்ளவராக இருந்தார். 1970-களில் ஜூடித் கூல்டுடன் சேர்ந்து லண்டனின் கேம்பர்வெல் பகுதிக் குழந்தைகளை ஆராய்ந்தபோது விங் ஒன்றைக் கவனித்தார். கானர் வரைந்த சித்திரத்தில் அச்சாக அடங்குகிற பிள்ளைகள் கொஞ்சம் பேர்தான். அடங்காமல், அதே சிரமங்களோடு இருக்கிறவர்கள் அதைவிட அதிகம். சிலர் ஒதுங்கிப்போகிறவர்கள். சிலர் யாராவது வந்து சேர்த்துக்கொண்டால் சேர்ந்துகொள்கிறவர்கள். இன்னும் சிலர் தாங்களாகவே வலியப் போய்ப் பேசுகிறவர்கள், ஆனால் பேசுகிற விதம் விசித்திரமாக இருக்கும். இந்த மூன்றாம் வகைப் பிள்ளையின் பெற்றோரிடம் ‘ஆட்டிசம்’ என்று சொன்னால், “ஓயாமல் பேசுகிறானே, அவனுக்கா?” என்று எழுந்து போய்விடுவார்கள். அவர்களை உட்கார வைக்க விங்குக்கு ஒரு சொல் தேவைப்பட்டது. 1981-இல் 34 பேரை முன்வைத்து எழுதிய கட்டுரையில் ‘ஆஸ்பெர்ஜர் சிண்ட்ரோம்’ என்ற சொல்லைத் தந்தார். தனி நோய் என்று வேலி போடுவதற்காக அல்ல, ஆட்டிசத்தின் எல்லையை அகலப்படுத்துவதற்காக. வேலியைப் போட்டது பின்னால் வந்த கையேடுகள்.

வேலி போட்ட விதம்தான் சிக்கல். டிஎஸ்எம் நான்காம் பதிப்பில் ஒரு முன்னுரிமை விதி இருந்தது: ஒரு பிள்ளை ஆட்டிசத்துக்கான நிபந்தனைகளை நிறைவு செய்தால், ஆஸ்பெர்ஜர் என்று எழுதக்கூடாது. பார்க்க நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் ஆட்டிசத்தின் பட்டியலில் பேச்சுத் தாமதம் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. உரையாடலைத் தொடர முடியாமை இருந்தாலும் கணக்கில் சேரும். ஆஸ்பெர்ஜர் பிள்ளைகளுக்கு அது இல்லாமல் இருக்குமா? 1997-இல் ஜூடித் மில்லர், சாலி ஓசனாஃப் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு குறும்பான காரியம் செய்தார்கள். ஆஸ்பெர்ஜரே எழுதிய அந்த நான்கு சிறுவர்களின் விவரங்களை எடுத்து, புதிய கையேட்டின் விதிகளை வரிசையாகப் பொருத்திப் பார்த்தார்கள். நால்வருக்கும் கிடைத்த முடிவு: ஆட்டிசம். ஆஸ்பெர்ஜர் பார்த்த பிள்ளைகளுக்கே ஆஸ்பெர்ஜர் இல்லை!

அப்படியானால் வேறுபாடே கிடையாதா? அப்படியும் சொல்லிவிட முடியாது. சென்னையில் ஏதாவதொரு தெரபி மையத்தின் காத்திருப்பு அறையில் இரண்டு பையன்கள் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். இருவருமே கற்பனைதான். ஆனால் அந்த அறைகளில் உட்கார்ந்து பழகிய எந்த அம்மாவும் இவர்களை அடையாளம் கண்டுகொள்வார். இருவருக்கும் வயது ஐந்து.

முதல் பையன் ஒரு வயதில் பேசியவன். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், “எந்த பஸ்ல வந்தீங்க?” என்கிறான். 29சி என்றால் பெரம்பூரில் தொடங்கி பெசன்ட் நகர் வரைக்கும் நிறுத்தங்களை ஒப்பிக்கிறான். கேட்பவர் போனைப் பார்க்கத் தொடங்கியது அவனுக்குத் தெரிவதில்லை. கார்ட்டூனில் கற்ற தமிழில், “எனக்கு மிகவும் பசியாக இருக்கிறது” என்கிறான். வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் வேறாக உள்ள நம் மொழியில், எந்த இடத்துக்கு எது என்பதை மற்றக் குழந்தைகள் சொல்லிக்கொடுக்காமலே பிடித்துக்கொள்கின்றன. இவனுக்கு அது ஒரு பாடம். சட்டைப் பொத்தான் போட வராது. இவன் அம்மாவின் கவலை: “ஸ்கூல்ல யாரும் இவன்கூட விளையாட மாட்டேங்குறாங்க.”

இரண்டாவது பையன் நான்கு வயதில் பேசத் தொடங்கியவன். இப்போதும் கேட்ட கேள்வியைத்தான் பாதி நேரம் திருப்பிச் சொல்கிறான். ஜிக்ஸா படத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டாலும் அட்டையின் வடிவத்தை மட்டும் பார்த்துச் சேர்த்துவிடுகிறான். யாரும் பக்கத்தில் வராவிட்டால் நிம்மதியாக இருக்கிறான். இவன் அம்மாவுக்கு இன்னும் நட்பைப் பற்றிக் கவலைப்பட நேரம் வரவில்லை. “அம்மான்னு கூப்பிட்டாப் போதும்னு இருந்தேன். இப்பதான் கூப்பிடுறான்.”

ஐந்து வயதில் இந்த வேறுபாடு கண்கூடு. ஆய்வுகளும் இதைத்தான் காட்டின: பேச்சு முந்தியவர்களுக்குச் சொல் சார்ந்த திறன் தூக்கலாகவும், பேச்சு பிந்தியவர்களுக்குக் கண்ணால் பார்த்துச் செய்யும் திறன் தூக்கலாகவும் இருப்பது உண்டு. எல்லா ஆய்விலும் அல்ல. சிலவற்றில் வந்தது, சிலவற்றில் வரவில்லை. நோயறியும் வயதும் மாறுகிறது. பேசாத பிள்ளையை மூன்று வயதிலேயே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். பேசுகிற பிள்ளை பள்ளிக்குப் போய், புகார்க் கடிதங்கள் வந்து சேர்ந்த பிறகே போகிறது. பெண் குழந்தையாக இருந்தால் இன்னும் பிந்தும். வகுப்பில் பக்கத்துப் பெண் சிரிக்கும்போது தானும் சிரித்து, தலையாட்டும்போது தானும் தலையாட்டி, பார்த்துப் பார்த்து நடித்துச் சமாளித்துவிடும். ‘அமைதியான பொண்ணு’ என்று பெயர்.

இப்போது அதே இரண்டு பையன்களைப் பதினான்கு வயதில் பார்க்க வேண்டும். பிந்திப் பேசியவனும் இன்று பேசுகிறான். சரியாக, கொஞ்சம் ஒரே தொனியில். வகுப்பில் எழுந்து நடந்த அவனைப் பார்த்து ஆசிரியை, “ஏண்டா, உட்காரணும்னு தோணுதா இல்லையா?” என்கிறார். “தோணல மிஸ்” என்கிறான். திமிர் என்று தலைமையாசிரியரிடம் போகிறது. முந்திப் பேசியவன் வீட்டில் போன் அடிக்கிறது. “அப்பா இருக்காரா?” “இருக்கார்” என்று சொல்லி வைத்துவிடுகிறான். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியாயிற்று. இவர்களில் யார் ஒரு வயதில் பேசியவன், யார் நான்கு வயதில் பேசியவன் என்று இந்த இரண்டு சம்பவங்களை வைத்துச் சொல்ல முடியுமா? லண்டனில் பாட்ரிசியா ஹவ்லின் வளர்ந்தவர்களை ஆராய்ந்து 2003-இல் வெளியிட்ட ஆய்வின் சாரமும் அதுவே. பேச்சுத் தாமதம் இருந்தவர்களும் இல்லாதவர்களும் பெரியவர்களான பிறகு, அன்றாட வாழ்விலும் ஆட்டிச அடையாளங்களிலும் பெரிய வேறுபாடு காணப்படவில்லை.

இங்கே ஒரு இடைக்குறிப்பு. “தோணல மிஸ்” என்ற பதிலில் புரியாமை யாருடையது? பையனுக்கு ஆசிரியையின் கிண்டல் புரியவில்லை. ஆசிரியைக்குப் பையனின் நேர்மை புரியவில்லை. பிரிட்டனைச் சேர்ந்த, தானே ஆட்டிசம் உள்ளவரான சமூகவியலாளர் டேமியன் மில்டன் 2012-இல் இதற்கு ‘இருவழிப் பரிவுச் சிக்கல்’ என்று பொருள்படும் பெயர் ஒன்று வைத்தார். தண்டனை மட்டும் எப்போதும் ஒருவழிதான்.

இரண்டு பெயர்களுக்கும் நடுவிலான கோட்டை அழித்தே ஆக வேண்டும் என்ற வாதத்துக்கு வலுச் சேர்த்தது 2012-இல் கேத்தரின் லார்டும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு. பன்னிரண்டு பல்கலைக்கழக மையங்கள், 2,102 பேர். எல்லா மையங்களிலும் ஒரே சோதனைகள், ஒரே பயிற்சி பெற்ற மருத்துவர்கள். மதிப்பெண்கள் மையத்துக்கு மையம் ஒத்துப்போயின. பெயர்கள் ஒத்துப்போகவில்லை. ஒரே மாதிரி மதிப்பெண் பெற்ற பிள்ளைக்கு ஒரு ஊரில் ஆட்டிசம், இன்னொரு ஊரில் ஆஸ்பெர்ஜர், மூன்றாவது ஊரில் ‘வகைப்படுத்த முடியாத’ வளர்ச்சிக் குறைபாடு. பெயரைத் தீர்மானித்ததில் பிள்ளையின் இயல்பைவிட, எந்த மையத்தின் படி ஏறினார்கள் என்பது முக்கியமாக இருந்தது.

2013 மே மாதம் வந்த ஐந்தாம் பதிப்பு எல்லாவற்றையும் ‘ஆட்டிச நிறமாலை’ என்ற ஒரே குடைக்குள் கொண்டுவந்தது. எவ்வளவு உதவி தேவை என்று மூன்று நிலைகள். உலக சுகாதார நிறுவனத்தின் பதினோராம் நோய்ப் பட்டியலும் 2022 முதல் அதே வழிக்கு வந்தது. அறிவுத்திறன் குறைபாடு உண்டா, பேச்சுப் பயன்பாடு எந்த அளவு என்று தனித்தனியே குறிக்கச் சொல்கிறது. முதல் சொல் எப்போது என்பதைவிட, இன்று எவ்வளவு பேச முடிகிறது என்பது அதற்கு முக்கியம். நம் மருத்துவமனைகளின் பழைய கோப்புகளில் மட்டும் எஃப் 84.5 என்ற ஆஸ்பெர்ஜர் குறியீடு இன்னும் கிடக்கிறது.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. தங்களை ‘ஆஸ்பி’ என்று பெருமையோடு அழைத்துக்கொண்டவர்கள் மேலை நாடுகளில் இருந்தார்கள். தங்கள் வாழ்நாள் குழப்பத்துக்கு விடை தந்த சொல்லை ஒரு குழு கூடிப் பேசி அழித்துவிடுமா என்று கேட்டார்கள். தமிழ்நாட்டில் அந்தச் சொல்லைப் பலர் முதலில் கேட்டது 2010-இல் வந்த ‘மை நேம் இஸ் கான்’ படத்தில். 2013-இல் வந்த தமிழ்ப் படமான ‘ஹரிதாஸ்’ ஆட்டிசம் உள்ள, அதிகம் பேசாத ஒரு சிறுவனைக் காட்டியது. இரண்டு படங்கள் மனதில் இரண்டு சித்திரங்களை நட்டன. ஒன்று அமெரிக்கா முழுக்கச் சுற்றி அந்நாட்டு ஜனாதிபதியைத் தேடிப் போகிற அதிமேதை, மற்றது தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டே நடக்கிற குழந்தை. மருத்துவரிடம் போகும் பெற்றோர் முதல் படத்தை எதிர்பார்த்துத்தான் போகிறார்கள்.

2018-இல் பெயர் மேல் வேறொரு நிழல் விழுந்தது. வியன்னா வரலாற்றாசிரியர் ஹெர்விக் செக் நாஜிக் காலத்து ஆவணங்களைப் புரட்டி எழுதிய கட்டுரை அந்த ஆண்டு வெளிவந்தது. அமெரிக்க வரலாற்றாசிரியர் ஈடித் ஷெஃபரின் நூலும் அதே ஆண்டில் வந்தது. வியன்னாவின் ஷ்பீகல்குருண்ட் மருத்துவ விடுதியில் நாஜிக் காலத்தில் இறந்த குழந்தைகள் 789 பேர். அங்கே கொல்லப்படுகிறார்கள் என்பது ஊரில் காதோடு காதாகப் பேசப்பட்ட சங்கதி. குழந்தைகளை அங்கே அனுப்பப் பரிந்துரைத்தவர்களில் ஆஸ்பெர்ஜரும் ஒருவர். 1941-இல் அவர் கையெழுத்தோடு போன ஒரு சிறுமி, தன் மூன்றாம் பிறந்தநாளுக்கு மறுநாள் இறந்தாள். ‘வீட்டில் தாய்க்குத் தாங்க முடியாத சுமை’ என்ற கருத்தில் ஒரு குறிப்பு அவர் எழுதியது இருக்கிறது. தன் பையன்களைப் பற்றி எழுதும்போது ஆஸ்பெர்ஜர், இவர்களால் சமூகத்துக்குப் பயன் உண்டு என்று வாதாடினார். அதை அந்தப் பையன்களைக் காப்பாற்றச் சொன்ன வாதமாகவே நெடுங்காலம் படித்தோம். பயன் உள்ளவர்கள் ஒரு பக்கம் என்றால், மறுபக்கத்துக்கு என்ன ஆகும் என்பதற்கு அந்த நகரத்திலேயே ஒரு கட்டடம் இருந்தது.

‘உயர்செயல்திறன்’ என்ற சொல்லிலும் இந்தத் தராசின் முள் கொஞ்சம் ஆடுகிறது. தமிழ்நாட்டுப் பெற்றோர் அதைப் பெரும்பாலும் ‘மைல்டு’ என்கிறார்கள். “மைல்டுதான்னு டாக்டர் சொல்லிட்டார்” என்று சொல்லும்போது குரலில் வரும் ஆறுதலைக் குறை சொல்ல ஆகாது. ஆனால் யாருக்கு மைல்டு? மேற்கு ஆஸ்திரேலியாவில் ஆட்டிசம் கண்டறியப்பட்ட 2,225 பேரின் விவரங்களை வைத்து கெயில் அல்வாரெஸ் குழுவினர் 2020-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அறிவுத்திறன் குறைபாடு இல்லாத பிள்ளைகளிடம் ஐக்யூவுக்கும் அன்றாடத் திறனுக்கும் இடையே பெரிய பள்ளம் இருந்தது. சாப்பிட, உடுத்த, கடைக்குப் போக, தேவையைச் சொல்ல என்று வரும்போது அவர்கள் தங்கள் ஐக்யூ காட்டும் இடத்துக்கு வெகு கீழே நின்றார்கள். அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களிடம் அந்தப் பள்ளம் அப்படி இல்லை. கணக்கில் நூறு வாங்குகிறவன் மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடலாம். “இவ்வளவு படிக்கிற பையனுக்கு இது முடியாதா?” என்ற வாக்கியம் அங்கேதான் பிறக்கிறது. உதவி மறுக்கப்படுவதும் அங்கேதான். பள்ளி இறுதி வகுப்புக்கு வருவதற்குள் பதற்றமும் மனச்சோர்வும் இந்தப் பிள்ளைகளைத் தேடி வருவதற்கு அந்த வாக்கியமும் ஒரு காரணம்.

இந்தியச் சட்டம் இந்த விஷயத்தில் தற்செயலாகத் தெளிவாக இருந்துவிட்டது. 1999-இன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசத்தைப் பெயர் சொல்லிச் சேர்த்தது. 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 21 வகைக் குறைபாடுகளில் ஒன்றாக ஆட்டிச நிறமாலையை வைத்தது. அதே ஆண்டில் சான்றிதழ் வழங்குவதற்கு, இசா என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்திய அளவுகோல் அறிவிக்கப்பட்டது. நாற்பது கூறுகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து மதிப்பெண். மொத்தம் 70-ஐத் தொட்டால் ஆட்டிசம். கண்ணோடு கண் பார்க்கிறானா, ஒரே பொருளைப் பற்றிக்கொண்டு விடமாட்டேன் என்கிறானா, சத்தத்துக்குக் கூசுகிறானா என்று போகிறது பட்டியல். ஆஸ்பெர்ஜரா, உயர்செயல்திறனா என்ற கட்டம் அதில் இல்லை.

ஆனால் நன்றாகப் பேசுகிற பிள்ளை சான்றிதழுக்குச் சோதிக்கும் மருத்துவரின் அறைக்குள் நுழைந்து, “வணக்கம் டாக்டர், உங்கள் கடிகாரம் இரண்டு நிமிடம் முந்திப் போகிறது” என்று சொல்லிவிட்டால் மதிப்பெண் இறங்கும் அபாயம் உண்டு. 70-க்குக் கீழே போனால் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லையென்றால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதுபவரும் கேட்க வழியில்லை. ‘மைல்டு’ என்று கேட்டு நிம்மதியடைந்த அதே பெற்றோர், மூன்றாண்டு கழித்து, மைல்டு இல்லை என்று நிரூபிக்கக் கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைவதும் நடக்கிறது.

தொடக்கத்தில் பார்த்த அந்த அறையில் மருத்துவர் முதல் சொல் எப்போது என்று இன்றும் கேட்கிறார். கேட்கத்தான் வேண்டும், காது கேட்கிறதா, வந்த பேச்சு இடையில் நின்றுபோனதா என்பதையெல்லாம் அந்தப் பதிலிலிருந்துதான் பிடிக்க முடியும். பெற்றோர் கூடவே கொண்டுபோகக்கூடியது ஒரு சாதாரண நோட்டு. காலை எழுந்ததிலிருந்து பஸ் ஏறுகிறவரை பிள்ளை எதையெல்லாம் தானாகச் செய்கிறது, எதில் நிற்கிறது, எது அழ வைக்கிறது, எதைப் பற்றிக் கேட்டால் முகம் மலர்கிறது என்று ஒரு வாரத்துக்கு எழுதியது. பத்து நிமிடச் சந்திப்பில் சரளமாகப் பேசிவிடுகிற பிள்ளைக்கு அந்த நோட்டு ஒரு சாட்சி.

மிசிசிப்பி டொனால்ட் கல்லூரியில் பிரெஞ்சு படித்துப் பட்டம் வாங்கினார். சொந்த ஊர் வங்கியில் வேலை பார்த்தார், கார் ஓட்டினார், தனியாகவே பல நாடுகள் சுற்றினார், முதுமை வரை கோல்ஃப் ஆடினார். அவரைத் தேடி ஃபாரஸ்ட்டுக்குப் போய் 2010-இல் அவரைப் பற்றி எழுதிய பத்திரிகையாளர்கள் ஜான் டான்வன், கேரன் ஜக்கர் இருவரிடமும் ஊர்க்காரர்கள், டொனால்டைத் தொந்தரவு செய்தால் விடமாட்டோம் என்று எச்சரித்தே பேசினார்கள். 2023 ஜூனில் 89 வயதில் அவர் இறந்தார். ஊரில் தனக்குப் பிடித்தவர்களுக்கு அவர் ஓர் எண் வைப்பார். ஒருவருக்கு 333, இன்னொருவருக்கு 1,487. எந்தக் கணக்கில் என்பது யாருக்கும் பிடிபட்டதில்லை. வருடங்கள் கழித்து எதிரில் வந்து நின்றாலும் எண் மாறாமல் சொல்வார்.